பந்தியில் அறியப்படும் சகோதரத்துவம்

கிறிஸ்தவ ஆலயங்களில் நடைபெறும் நற்கருணை வழிபாட்டைக் காணும் பிற சமயத்தவருக்கு, அது சிறு அப்பத் துண்டும் சிறிதளவு திராட்சை இரசமும் வழங்கப்படும் ஒரு சடங்காகவே தோன்றக்கூடும். ஆயினும் ஆதித் திருச்சபையில் அது பசியாற உண்ணும் பொதுப் பந்தியோடு இணைந்திருந்தது. ஒரு சபையின் சகோதரத்துவம் உண்மையானதா என்பதை அந்தப் பந்தியே வெளிப்படுத்தியது.

வரி அறவிடுவோருடனும் பாவிகளுடனும் அமர்ந்து உண்கின்றார் என்பது இயேசுநாதர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்றாகும். ஒருவருடன் உண்பது அவரைத் தம்மவராக ஏற்பதற்குச் சமமாகக் கருதப்பட்ட காலம் அது. எரிக்கோவில் வரி அறவிடுவோரின் தலைவனான சக்கேயுவின் வீட்டுக்கு அவர் விருந்தினராகச் சென்றபோது மக்கள் முறுமுறுத்தமைக்கும் இதுவே காரணமாகும்.

அவருக்குப் பின்னர் எருசலேமில் கூடிய விசுவாசிகள் வீடுகள்தோறும் அப்பம் பிட்டு உண்டனர். அங்கும் விரைவில் பிணக்கு எழுந்தது. அன்றாட உணவுப் பங்கீட்டில் தமது விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். இதனைத் தீர்க்க ஸ்தேவான் உட்பட எழுவர் நியமிக்கப்பட்டனர். 'தொண்டு' எனப் பொருள்படும் 'டியாக்கோனியா' என்ற கிரேக்கச் சொல் பந்தியில் பரிமாறுவதையும் குறிக்கும். திருச்சபையின் திருத்தொண்டர் பணிக்கு இந்த நியமனத்தையே முன்மாதிரியாகக் கொள்வது மரபாகும்.

கொரிந்து நகரில் நிலைமை மேலும் மோசமாக இருந்தது. வசதி படைத்தோர் முன்னதாகவே உண்டு குடித்து மகிழ, ஏழைகள் பசியோடு இருந்தனர். கூலியாட்களும் அடிமைகளும் வேலை முடிந்த பின்னரே வந்துசேர முடிந்தது என ஆய்வாளர் விளக்குவர். கி.பி. 55 அளவில் அச்சபைக்கு எழுதிய புனித பவுல், இவ்வாறு உண்பது ஆண்டவரின் இராப்போசனமே அன்று எனக் கண்டித்தார். அவர் கூறிய பரிகாரம் எளிமையானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே அது.

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமில் வாழ்ந்த யுஸ்தீன், வழிபாட்டுக்கு வர இயலாதோருக்கும் அப்பம் கொண்டுசெல்லப்பட்டதையும், காணிக்கையிலிருந்து அநாதைகள், விதவைகள், நோயாளர், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோர் பராமரிக்கப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். காலப்போக்கில் 'அகாப்பே' எனப்பட்ட அன்பின் விருந்து நற்கருணையிலிருந்து பிரிந்தது. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம் ஆலயங்களுக்குள் அவ்விருந்தை நடத்துவதைத் தடைசெய்தது. விருந்து மறைந்து சடங்கு நிலைத்தது.

ஆனால் பந்தி எழுப்பிய கேள்வி மறையவில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே அது சாதியின் உருவில் மீண்டும் எழுந்தது. தென்னிந்தியச் சபைகள் சிலவற்றில் உயர்ந்தோர் எனக் கருதப்பட்டோர் ஆலயத்தில் தனியாக அமர்ந்து, நற்கருணையையும் முதலில் பெற்றுவந்தனர். 1833 ஆம் ஆண்டில் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் இவ்வேற்றுமையை முற்றாகக் கைவிடுமாறு பணித்தபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினர். யாழ்ப்பாணத்திலும் 1920களில் பாடசாலைகளில் சமாசனமும் சமபோசனமும் கோரப்பட்டபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. ஒரே வேதத்தை வாசிக்கவும் ஒரே கீதத்தைப் பாடவும் இணங்கியோர், ஒரே பந்தியில் அமரத் தயங்கினர்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. பசித்தோருக்கு உணவளிப்பது உயரிய அறமே. எனினும் கொடுப்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் நின்றுகொண்டே அதனைச் செய்துவிட முடியும். சேர்ந்து அமர்ந்து உண்பதில் அந்த இடைவெளிக்கு இடமில்லை. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் முஸ்லிம் மக்களுக்கும், சமபந்திக்காகப் போராடிய வரலாற்றை அறிந்த இந்து மக்களுக்கும் இது புதிய செய்தி அன்று.

இன்று ஆலய மண்டபங்களில் திருநாள் விருந்துகள் குறைவின்றி நடைபெறுகின்றன. அங்கு எத்தனை பேருக்குச் சமைக்கப்பட்டது என்பதைவிட, யார் அருகில் யார் அமர்ந்தனர், பிந்தி வந்தவருக்காக எவரேனும் காத்திருந்தனரா என்பனவே கேட்கப்பட வேண்டிய கேள்விகளாகும். கொரிந்து சபையிடம் புனித பவுல் எதிர்பார்த்ததும் இதனையே.