வீட்டிற்கு எத்தனை டன் குளிர்ச்சி?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலுள்ள ஊர்களின் தோற்றம் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 ஆம் ஆண்டில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை எழுந்தது. வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கத்தக்க பெரியதொரு விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆயினும் வேலைக்கு வருவோரில் மிகப் பலர் சுற்றுப்புறச் சிற்றூர்களிலேயே குடியிருக்கின்றனர். ஏர் பிடித்த குடும்பங்கள் பல தம் மனையில் மாடியறைகள் கட்டி அவர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. அவ்வறைகளில் இப்பொழுது குளிர்சாதனப் பொறி, அதாவது கடைத்தெருவில் ஏ.ஸி. என்று சொல்லப்படுவது, இடம்பெறலாயிற்று. இதனை வாங்குவோர் கேட்கும் முதற் கேள்வி, “ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?” என்பதே. “ஒன்றரையே வாங்கிவிடுங்கள், பின்னால் கவலையில்லை” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. பல ஆயிரம் ரூபாய் செலவாகும் ஒரு பொருளை இவ்வாறு குத்துமதிப்பாக வாங்குதல் தகாது.

டன் என்றவுடன் பொறியின் எடை என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது எடையன்று. இயந்திரங்கள் தோன்றுமுன் குளிர்ச்சி பனிக்கட்டியாகவே விற்கப்பட்டது. அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகவே சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம் 1842 அளவில் எழுந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகி நீராகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் ஆற்றலே ஒரு டன் எனப்படுகிறது. வாட் கணக்கில் இது 3,517. ஆகவே நாம் அறிய வேண்டுவது இதுதான்: நம் அறைக்குள் எத்தனை வாட் வெப்பம் புகுகின்றது?

வெப்பம் புகும் வழிகளுள் முதன்மையானது மேல்தளம். நம் ஊர்களில் இக்காலத்தில் எழும் அறைகள் பெரும்பாலும் மொட்டைமாடியின் நேர்கீழ் அமைந்த கான்கிரீட் அறைகளே. சித்திரை, வைகாசி வெயிலில் மாடியில் வெறுங்காலுடன் நடந்தவர்க்கு அதன் சூடு தெரியும். பகல் முழுதும் குடித்த சூட்டைத் தளம் இரவு பத்து மணிவரையிலும் கீழே விட்டுக்கொண்டேயிருக்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் கனமாகக் கிடந்தமையால் இத்துன்பம் அவ்வளவாக இல்லை.

12 அடிக்கு 15 அடி அளவுள்ள ஒரு மாடியறையை எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு பேர் தங்குகின்றனர். கடும் கோடையின் நண்பகலில் மேல்தளத்தின் வழியாக ஏறத்தாழ 1,500 வாட்டும், நான்கு சுவர்களின் வழியாக 800 வாட்டும், நிழலுள்ள ஜன்னலின் வழியாக 250 வாட்டும் புகுவதாகக் கொள்ளலாம். சும்மா இருக்கும் ஒரு மனித உடல் 100 வாட் அளவுக்கு வெப்பம் தருகிறது; ஆறு பேருக்கு 600. கதவு திறந்து மூடும்போது நுழையும் வெளிக்காற்றும் அதன் ஈரமும் 450. மின்விசிறி, விளக்கு, கைப்பேசி ஆகியவை 150. ஆக மொத்தம் 3,750 வாட். ஒரு டன் இதற்குச் சற்றே போதாது. கடைக்காரர் சொன்னது சரிதானே என்று தோன்றும்.

ஆனால் அந்த மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளமிட்டு, மேலே வெண்ணிறத் தட்டோடு பதித்தால், மேல்தளத்தின் 1,500 வாட் பாதிக்கும் கீழே, 700 அளவிற்கு, இறங்கக்கூடும். அப்பொழுது மொத்தம் 2,950. ஒரு டன் பொறி தாராளமாகப் போதும். அதே அறைக்கு மேலே மற்றொரு மாடியிருந்தால் தளத்தின் கணக்கே விழுந்துவிடும். இவை எல்லாம் ஏறத்தாழச் சொன்ன எண்களே. மேற்குச் சுவரில் நிழலின்மை, பெரிய கண்ணாடி ஜன்னல் முதலியவற்றால் கூடும், குறையும். எனினும் அரை டன்னுக்காகக் கொடுக்கும் பணத்தை மாடியில் போட்டால், அந்தப் பயன் பொறி பழுதான பின்னும் நிற்கும் என்பது நம் கருத்து. கல்நார்த் தகடு வேய்ந்த அறைக்கும் நாட்டு ஓட்டு வீட்டுக்கும் உள்கூரை அமைக்காமல் ஏ.ஸி. பொருத்துவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது போன்றது.

சிறிதாக வாங்கினால் பொறி ஓயாமல் ஓடியும் அறை குளிராது. இதனை எல்லோரும் அறிவர். பெரிதாக வாங்கினால் வரும் கேட்டை அறிந்தவர் சிலரே. நம் பகுதி ஏரிகள் நிறைந்தது. கடலும் தொலைவில் இல்லை. காற்றில் ஈரம் மிகுதி. 1902 ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்னும் பொறியியலார் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக இவ்வகைப் பொறியை முதலில் வகுத்தது, ஈரத்தால் தாள் விரிந்து வண்ணங்கள் விலகி அச்சாவதைத் தடுப்பதற்கே. ஈரம் நீங்கப் பொறி தொடர்ந்து சிறிது நேரமேனும் ஓட வேண்டும். அளவுக்கு மிஞ்சிய பொறியோ சில நிமிடங்களிலேயே அறையைக் குளிரச் செய்து நின்றுவிடும். காற்று சில்லென்றிருக்கும், படுக்கை பிசுபிசுக்கும், நாளடைவில் சுவரில் பூஞ்சணம் படரும். வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் பொறிகளில் இக்குறை குறைவு. ஆனால் அவற்றின் வேகமும் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு செய்தியையும் மறத்தலாகாது. நகரத்து வீட்டார் பெரும்பாலும் இரவில் உறங்குவோர். நம் வாடகை அறைகளிலோ இரவு ஷிப்டு முடித்து வருவோர் பகல் முழுதும் உறங்குகின்றனர். எனவே இங்கே கணக்கிட வேண்டுவது பிற்பகல் இரண்டு மணி வெயிலை. இரவில் உறங்கும் தம் வீட்டு அறைக்குப் போதுமான அளவை, அப்படியே வாடகை அறைக்கும் வாங்குவது பிழையாகும்.

பொறியின்மேல் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றரை டன் என்று விற்கப்படுவன எல்லாம் ஒரே ஆற்றல் உடையன அல்ல. வாட் அளவு சீட்டில் இருக்கும், அதனை ஒப்பிடுங்கள். அவ்வளவும் வெளிவெப்பம் 35 டிகிரியாக இருக்கும்போது கிடைப்பதே. கத்திரி வெயிலில் அதனினும் குறையும். சீட்டில் காணும் ஆண்டு மின்செலவு 1,600 மணி நேரத்துக்கு உரியது. நாளொன்றுக்கு 16 மணி வீதம் எட்டு மாதம் ஓடும் வாடகை அறையில் ஏறத்தாழ 3,840 மணி ஆகும். செலவு இரு மடங்கைக் கடந்துவிடும். மின்கட்டணத்திலும் ஒரு படி உண்டு. இரு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு, மேற்பட்ட யூனிட்டுகளுக்கு மட்டுமின்றிக் கீழ்ப்படியில் சிலவற்றுக்கும் விகிதம் உயர்கிறது. மணிக்குச் சராசரி 0.8 யூனிட் இழுக்கும் பொறி நாள்தோறும் பத்து மணி ஓடினால் 60 நாளில் 480 யூனிட். மீதி வீட்டுச் செலவு அந்த எல்லையைத் தாண்டச் செய்யும். 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெல்ல ஓடவிடுவோர்க்கு இச்சுமை குறையும்.

பொறிக்குத் தனிக் கம்பியும் சரியான எர்த் இணைப்பும் வேண்டும். விளக்குக்குப் போட்ட மெல்லிய கம்பியில் கோத்தால் தீ விபத்து நேரும். அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் உயர்த்திக்கொள்ள வேண்டும். ஒரே தெருவில் இருபது அறைகளில் பொறிகள் ஏறிவிட்டால், கடைசி வீட்டில் மின்னழுத்தம் தாழ்ந்து, வயலிலுள்ள பம்பு மோட்டாரும் அவதிப்படும். ஊராட்சி உறுப்பினர்கள் மாசி மாதத்துக்குள் தம் வார்டில் புதிதாக எழுந்த வாடகை அறைகளின் எண்ணிக்கையைத் தெருவாரியாகக் குறித்து, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்தால், கோடைக்கு முன்னரே மின்மாற்றியின் திறனை ஆராய்ந்து உயர்த்தக் கோருவதற்கு அது ஆதாரமாக இருக்கும்.