புகைக்கு மீள்வது ஏன்?

புகைபிடிக்கும் பழக்கத்தைத் தொடங்க ஒரு நாள் போதும். விடுவதற்கோ பலருக்கு வாழ்நாளே போதுவதில்லை. "இன்றோடு நிறுத்தினேன்" என்று உறுதி கூறியவர் நான்காம் நாளே பெட்டிக்கடை வாயிலில் நிற்பதைக் காண்கிறோம். கண்டவுடன் "மனவுறுதி அற்றவர்" எனத் தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம். அத்தீர்ப்பு ஓரளவே உண்மை. விட்ட பழக்கம் மீண்டும் பற்றுவதில் தன்னடக்கத்திற்கு ஒரு பங்குண்டு. நிகோடின் என்னும் நச்சுப்பொருளுக்கு மற்றொரு பங்குண்டு. இவ்விரண்டும் தனித்தனியே நிற்பன அல்ல. நிகோடின் நீங்கும்போது எழும் துன்பம், அதனை எதிர்த்து நிற்க வேண்டிய தன்னடக்கத்தையே தளர்த்திவிடுகிறது. அது எவ்வாறு என்பதனையும், அதனை வெல்லும் வழி யாது என்பதனையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகோடினின் இயல்பு

1560ஆம் ஆண்டளவில் லிஸ்பன் நகரில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர் புகையிலையைத் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயரே பின்னாளில் இப்பொருளுக்கு அமைந்தது. 1828இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமான் என்னும் இருவர் இதனைப் புகையிலையிலிருந்து தனியே பிரித்தெடுத்தனர்.

உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 நொடிகளில் மூளையை எட்டுகிறது. நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளுக்கென அமைந்த ஏற்பிகளில் அது சென்று ஒட்டிக்கொள்கிறது. அதன் விளைவாக டோப்பமின் சுரந்து ஒரு நிறைவுணர்வு பிறக்கிறது. நாள்தோறும் இது நிகழவே, மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்கிறது. குருதியில் உள்ள நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரவு உறக்கத்தில் அது பெருமளவு நீங்கிவிடுவதால்தான், விழித்தெழுந்தவுடன் பலருடைய கை பீடிக்கட்டைத் தேடுகிறது. அப்போது அவர் பெறும் இன்பத்தில் பெரும்பகுதி, நிகோடின் இன்மையால் விளைந்த துன்பம் தணிவதே ஆகும். நிகோடின் அடிமைப்படுத்தும் பொருளே என 1988இல் அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவரின் அறிக்கை தெளிவாக அறிவித்தது.

விலகலின் துன்பங்கள்

புகையை நிறுத்திய ஒரு நாளுக்குள்ளேயே விலகலின் துன்பங்கள் தலைகாட்டும். எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு, உறக்கக் குறைவு, மிகுபசி, ஒன்றில் மனம் குவியாமை, புகைக்கான வேட்கை ஆகியன அவை. இரண்டாம், மூன்றாம் நாள்களில் அவை உச்சம் அடைகின்றன. பின் படிப்படியாகத் தணிந்து, பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்குகின்றன.

எத்துணையுமின்றித் தாமாகவே விட முயல்வோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அத்தகையோருள் பெரும்பாலோர் முதல் எட்டு நாள்களுக்குள்ளேயே மீண்டும் புகைத்துவிடுகின்றனர் என்றும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை விலகி நிற்போர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவரே என்றும் அது கூறுகிறது. உச்சத் துன்பமும் பெருந்தோல்வியும் ஒரே வாரத்தில் வந்து பொருந்துவது எண்ணத்தக்கது.

காவலனைத் தளர்த்தும் பகை

தன்னடக்கம் என்பது யாது? இன்று எழும் ஆசையைவிட நாளை அடைய வேண்டிய நன்மையை மனத்தில் நிறுத்தி, அதன்படி நடக்கும் ஆற்றலே அது. அவ்வாறு மனத்தில் நிறுத்துவதற்கு மூளையின் முன்பகுதியில் இயங்கும் செயல்நினைவு தேவை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அறிஞர்கள் புகையை விட விரும்பிய 80 பேரை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். புகைத்த உடனேயும், 24 மணி நேரம் புகைக்காதிருந்த பின்னும் அவர்களின் மூளை படம்பிடிக்கப்பட்டது. ஒரு வாரத்திற்குள் 61 பேர் புகைக்கு மீண்டனர். புகையின்றி இருந்த வேளையில் செயல்நினைவுக்குரிய பகுதிகளின் இயக்கம் யாரிடம் மிகுதியாகக் குன்றியதோ, அவர்களே பெரிதும் மீண்டவர்கள்.

கோட்டையை முற்றுகையிட்ட பகைவன் முதலில் வாயிற்காவலனுக்கு மயக்கமருந்து ஊட்டுவதை ஒத்தது இது. காவலன் கோழை அல்லன். அவன் கண் செருகும் வேளை பார்த்துப் பகை நுழைகிறது. ஆகவே, "வேட்கை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என எண்ணியிருப்பவர், தம் ஆற்றல் மிகக் குன்றிய நேரத்தில் மிகக் கடினமான முடிவை எடுக்க வேண்டியவர் ஆகிறார்.

நோன்பு காட்டும் உண்மை

இவ்விடத்தில் நாம் அனைவரும் அறிந்த ஒரு காட்சியை எண்ணிப் பார்த்தல் தகும். நாளொன்றுக்கு இருபது சிகரெட் புகைப்பவரும் ரமலான் மாதத்தில் வைகறை முதல் மஃரிப் வரை, நம் பகுதியில் ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேரம், ஒன்றையும் தொடாதிருக்கிறார். அவரே ஏனைய நாள்களில் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறார். உடலும் ஒன்றே, நிகோடினும் ஒன்றே. வேறுபாடு எங்கிருந்து வந்தது?

டெல்அவிவ் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ருவென் தார் குழுவினரின் ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. ஓய்வுநாளில் சமய நெறிப்படி புகைக்காத யூதர்களை அவர்கள் 2005இல் ஆராய்ந்தனர். ஆய்வுக்காகப் புகைக்காதிருக்கச் சொன்ன வேறொரு நாளைவிட, ஓய்வுநாளில் அவர்களுக்கு வேட்கை குறைவாகவே இருந்தது. 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு, புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களைப் பற்றியது. நெடும்பயணத்தின் நடுவில் உள்ளதைவிடக் குறும்பயணத்தின் இறுதியில் வேட்கை மிகுந்திருந்தது. கழிந்த நேரத்தைவிட, புகைக்கும் வாய்ப்பு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதே வேட்கையை மிகுதியும் எழுப்புகிறது என்பது இதனால் பெறப்படும்.

நோன்பாளிக்குப் பகலில் கதவு முற்றிலும் அடைபட்டிருக்கிறது. "ஒன்று மட்டும்" என்னும் பேரத்திற்கு அங்கே இடமில்லை. பேரம் இல்லாத இடத்தில் மனம் போராடிக் களைப்பதும் இல்லை. ஆனால் மாலையில் கதவு திறந்தவுடன் மூளை இழந்ததைப் பெற்றுக்கொள்கிறது; எனவே முப்பது நாள் பகலடக்கத்திற்குப் பின்னும் பழக்கம் எஞ்சி நிற்கிறது. பகலில் அடைத்த கதவை இரவிலும் அடைப்பாராயின், விலகலின் துன்பம் அடங்கும் நான்கு வாரமும் அம்மாதத்திற்குள்ளேயே கழிந்துவிடும்.

செய்யத்தக்கன

எனவே தன்னடக்கம் என்பது துன்பம் வந்தபின் மல்லுக்கு நிற்பதன்று. அது வருமுன் வழியை அடைத்துவைப்பதாகும். ஜெர்மன் உளவியலார் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில், "இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்" என முன்னரே வகுத்துக்கொள்வது பொதுவான உறுதிமொழியைவிட வலியது என விளக்கினார். "தேநீருக்குப்பின் வேட்கை எழுந்தால் உடனே எழுந்து நடப்பேன்" என்பது அத்தகைய திட்டம். வேட்கையின் ஓர் அலை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். வீட்டிலும் சட்டைப்பையிலும் சிகரெட்டும் தீப்பெட்டியும் இல்லாதிருத்தல் வேண்டும். முதல் எட்டு நாள்களில் புகைக்கும் நண்பர் கூட்டத்தினின்று விலகியிருத்தல் நலம்.

துன்பத்தின் கடுமையை மருந்தால் குறைப்பதும் இழிவன்று. நிகோடின் மெல்பசை, ஒட்டுப்பட்டை முதலியன விடுவதில் வெற்றி வாய்ப்பை ஒன்றரை மடங்கு அளவுக்கு உயர்த்துகின்றன என்பது 2018இல் வெளியான, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளின் தொகுப்பால் உறுதியாயிற்று. மருத்துவரைக் கேட்டு இவற்றைக் கைக்கொள்ளலாம். சிகரெட், பீடி உறைகளில் அச்சிடப்பெறும் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் அறிவுரை பெறலாம்.

வார வேட்கை அடங்கிய பின்னும் பழைய தெரு, பழைய தோழர், ஒரு துக்கம் என ஏதேனும் ஒன்று ஆசையைத் தூண்டக்கூடும். அவ்வேளையில் ஒன்றைப் புகைத்துவிட்டவர், "எல்லாம் போயிற்று" என மனமுடைந்து முழுப்பெட்டியையும் தீர்த்துவிடுகிறார். இம்மனநிலையை ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் ஆகியோர் 1985இல் விரிவாக எழுதினர். ஒரு சறுக்கல் வேறு, வீழ்ச்சி வேறு. சறுக்கலை வீழ்ச்சியாக்குவது பெரும்பாலும் தன்மீது கொள்ளும் வெறுப்பே.

இதில் குடும்பத்தாருக்கும் பெரியோருக்கும் கடமையுண்டு. மீண்டும் புகைத்தவரைப் பலர்முன் இகழ்ந்தால், அந்த வெறுப்புக்கு நாமே எண்ணெய் வார்த்தவராவோம். "எந்த வேளையில் தளர்ந்தாய்? அடுத்தமுறை அவ்வேளையை எவ்வாறு கடப்பாய்?" என வினவுவதே பயன்தரும். இன்னும் தொடங்காத மாணவர்க்குக் கூறவேண்டியது ஒன்றே: முதல் சிகரெட்டை மறுப்பதற்குத் தேவைப்படும் உறுதி, கடைசிச் சிகரெட்டை விடுவதற்குத் தேவைப்படும் உறுதியினும் மிகச் சிறிது.