ஒட்டியும் ஒட்டாத பசை!

பல் வடிவத்தில் ஒரு குட்டி நோட்டு, கார் வடிவத்தில் ஒன்று, வீடு வடிவத்தில் இன்னொன்று... அலுவலக மேஜைகளில் இப்படிப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? ஒரு தாளை உரித்து, கம்ப்யூட்டரிலோ, பிரிஜ் கதவிலோ ஒட்டலாம். வேலை முடிந்ததும் எடுத்து விடலாம். இதுதான் ஸ்டிக்கி நோட்!

வீதியில் நோட்டீஸ் கொடுத்தால், பலர் கசக்கி எறிந்து விடுகின்றனர். ஆனால், எழுத உதவும் தாளை யாரும் எறிய மாட்டார்கள் அல்லவா? அதனால்தான், நிறுவனங்கள் தங்கள் பெயரை இதில் அச்சடித்துப் பரிசாகத் தருகின்றன.

வடிவம் எப்படி வருகிறது?

கூர்மையான எஃகுத் தகட்டை, வேண்டிய வடிவத்துக்கு வளைத்து, பிளைவுட் பலகையில் பதிப்பார்கள். இதற்கு, 'டை' என்று பெயர். அச்சடித்த தாள்களின் மேல் டையை வைத்து இயந்திரம் அழுத்தினால், அதே வடிவத்தில் தாள் வெட்டுப்படும். அம்மா, பிஸ்கட் மாவில் அச்சு வைத்து வெட்டுவது போலத்தான்!

யாரும் கேட்காத பசை

அது சரி... ஒட்டிய பசை, கிழியாமல் எப்படிக் கழன்று வருகிறது?

1968ல், அமெரிக்காவின், '3எம்' நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற விஞ்ஞானி, மிக வலுவான பசை ஒன்றைத் தயாரிக்க முயன்றார். கிடைத்ததோ, ஒட்டியும் ஒட்டாத பசை! ஒரு தட்டில் ஜவ்வரிசியைத் தூவி, மேலே இன்னொரு தட்டை வையுங்கள். ஜவ்வரிசி இருக்கும் இடங்களில் மட்டும்தானே தட்டு தொடும்? இந்தப் பசையும் கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகளால் ஆனது. அதனால், லேசாகத்தான் ஒட்டும்.

'இது எதற்காவது உதவுமா?' என்று சில்வர் பலரிடம் காட்டினார். பல ஆண்டுகள் யாருக்கும் பதில் தெரியவில்லை.

அதே நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்ட் பிரை, தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அவர் அடையாளம் வைக்கும் சீட்டு, அடிக்கடி கீழே விழுந்து விடும். 1974ல் அவருக்குச் சில்வரின் பசை நினைவுக்கு வந்தது. சீட்டின் ஓரத்தில் அதைத் தடவினால்..? பிறந்தது புது யோசனை!

பக்கத்து ஆய்வுக்கூடத்தில் மிஞ்சிக் கிடந்த தாள் மஞ்சள் நிறம். அதில் செய்து பார்த்ததால்தான், ஸ்டிக்கி நோட்டுக்கு மஞ்சள் நிறம் வந்தது. 1977ல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தபோது, சரியாகப் போகவில்லை. மறு ஆண்டு, பாய்ஸி நகரில் இலவசமாகக் கொடுத்தனர். பயன்படுத்தியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல், 'மீண்டும் வாங்குவோம்' என்றனர். 1980ல், 'போஸ்ட் இட்' என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. பசை பிறந்து, 12 ஆண்டுகளுக்குப் பிறகு!

நம்ம ஊர் காகிதம்

ஒதுக்கிய பசைக்கு வாழ்வு வந்தது போல, ஒதுக்கிய துணிக்கும் வாழ்வு கிடைக்கும் இடம் புதுச்சேரியில் இருக்கிறது. எஸ்.வி.படேல் சாலையில், ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம், 1959ல் தொடங்கப்பட்டது. பருத்தித் துணித் துண்டுகளைக் கூழாக அரைத்து, சல்லடையில் அள்ளி, அழுத்தி, காய வைத்தால் காகிதம் தயார். மரத்தை வெட்டவே வேண்டாம்! நீரில் வண்ணங்களை மிதக்கவிட்டு, அதன் மேல் தாளை வைத்து எடுத்தால், அழகான கோலம் பதியும். ஒரு தாளைப் போல, இன்னொரு தாள் இருக்காது.

இரண்டு யோசனை!

* ஸ்டிக்கி நோட்டைக் கீழிருந்து மேலாக உரித்தால் சுருண்டு கொள்ளும். பக்கவாட்டில் உரித்துப் பாருங்கள், நேராக நிற்கும்.

* நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன், ஒட்டிய சீட்டுகளை எடுத்து விடுங்கள். பல நாள் விட்டால், பசை தாளிலேயே தங்கிவிடும்.

நீங்கள் செய்த ஏதாவது ஒன்று, நினைத்தபடி வராவிட்டால் உடனே குப்பையில் போடாதீர்கள் குட்டீஸ். நாலு பேரிடம் காட்டுங்கள். அது தேவைப்படும் ஒருவர், பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம்!