ஆசிட் பாட்டிலும் உய்யகொண்டானும்

வீட்டுக்குள் ஒரு வேதியியல் – 9

காவிரித் தண்ணீர் கம்பரசம்பேட்டையிலிருந்து புறப்பட்டு நம் குழாய்க்கு வந்து சேரும் கதையைப் போன வாரம் பார்த்தோம். வந்த தண்ணீர் வீட்டைக் கழுவிவிட்டு எங்கே போகிறது என்பது இந்த வாரக் கதை. அதற்குத் திருச்சியில் பாலக்கரையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒரு பக்கம் காந்தி மார்க்கெட், இன்னொரு பக்கம் நெருக்கியடித்த குடியிருப்புகள், நடுவே பாலத்துக்குக் கீழே உய்யகொண்டான் வாய்க்கால்.

வெயில் ஏறுவதற்குள் "ஆசிட்… பினாயிலே…" என்று குரல் கொடுத்தபடி ஒரு வண்டி சந்துக்குள் நுழையும். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் மஞ்சளாக ஒன்று, பால் போல வெள்ளையாக ஒன்று. மேலே சீட்டு ஒட்டியிருக்காது. உள்ளே எது எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவரும் கேட்பதில்லை. ஆசிட் வீச்சு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வாங்குபவர் யார் என்று பார்த்துப் பதிந்துகொள்ளாமல் சில்லறையில் ஆசிட் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சந்துக்குள் வரும் பாட்டிலுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடையில் விற்கும் கழிப்பறை திரவங்கள் பலவற்றிலும் அதுதான், கொஞ்சம் நீர்த்து, நிறமும் மணமும் சேர்ந்து. கறையைக் கரைப்பதில் கெட்டிக்காரன்தான். ஆனால் "இன்னும் பளிச்சென்று இருக்கட்டும்" என்று அதோடு பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத, கதவைச் சாத்தினால் காற்றே புகாத ஒண்டுக்குடித்தனக் கழிப்பறையில் அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புண்ணாகிவிடும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயிலைக் குழந்தை எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து தனி. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால், இந்த இரண்டும் நிற்கட்டும்: ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள், சாப்பாட்டுப் பாட்டிலில் விஷத்தை வைக்காதீர்கள்.

ஊருக்குக் கடைசித் துப்புரவாளர்

ஊற்றியது எங்கே போகிறது? செப்டிக் டேங்க் உள்ள வீடு என்றால் முதலில் அங்கே. காற்றில்லாத அந்தத் தொட்டிக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உட்கார்ந்து கழிவைத் தின்றுகொண்டிருக்கின்றன. தினமும் பினாயிலும் பிளீச்சிங்கும் இறங்கினால் அவை செத்துப்போகும், கழிவு செரிக்காமல் தேங்கும், கழிவுநீர் லாரியைக் கூப்பிடும் நாளும் முன்னாடியே வந்துவிடும். பாதாளச் சாக்கடை இருந்தால் கழிவு பஞ்சப்பூர் போகும். அங்கே நெடுங்காலமாக வேலை செய்துவந்தவை பரந்து விரிந்த குளங்கள். சூரிய வெளிச்சம், பாசி, பாக்டீரியா மூன்றும் சேர்ந்து சுத்தம் செய்யும் முறை அது. இரண்டுக்கும் போகாமல் திறந்த சாக்கடையில் விழுவது வாய்க்காலுக்கு.

உய்யகொண்டான், ராஜராஜ சோழன் காலத்தது என்று சொல்லப்படும் பாசன வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. நடுவில்தான் ஊருக்குள் நுழைகிறது. பல இடங்களில் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு, ஆகாயத்தாமரையைச் சுமந்துகொண்டு மறுபடி வயலுக்குப் போகிறது. சோப்புத் தூளில் பாஸ்பேட் இருந்தால் அது செடிக்கு உரம். ஆகாயத்தாமரை கொழிக்க அதுவும் ஒரு காரணம். பாசியும் பெருகி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்து மீன் சாகும்.

2016-இல் மத்திய அரசின் தூய்மை நகரப் பட்டியலில் மைசூரு, சண்டிகருக்கு அடுத்து மூன்றாம் இடம் பிடித்த ஊர் திருச்சி. பெருமைதான். கூட்டி அள்ளுவதில் நமக்கு நல்ல பழக்கம் வந்திருக்கிறது. கரைத்து ஊற்றுவதில் இன்னும் வரவில்லை. தொட்டியானாலும் குளமானாலும் வாய்க்காலானாலும் கடைசியில் நம் அழுக்கைச் சுத்தம் செய்பவை நுண்ணுயிர்கள்தான். "99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கி, அந்தத் துப்புரவாளர்கள் தலையிலேயே தினமும் ஊற்றுகிறோம்.

அழுக்கு எந்த ஜாதி?

ஜாதி பார்க்கக் கூடாதுதான். அழுக்கில் மட்டும் பார்த்தே ஆக வேண்டும். வீட்டு அழுக்கில் பெரும்பகுதி மூன்று வகை. உப்புக் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, வெறும் தூசு. முதலாவதுக்குப் புளிப்பு வேண்டும், இரண்டாவதுக்குக் காரம் வேண்டும், மூன்றாவதுக்கு ஈரத்துணியே போதும். இது பிடிபட்டுவிட்டால் அலமாரியில் உள்ள பாதி பாட்டில்களுக்கு வேலை போய்விடும்.

போர் தண்ணீர் புழங்கும் வீட்டில் குழாய், பக்கெட், டைல்ஸ் எல்லாவற்றிலும் வெள்ளை படிகிறதே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்புப் பட்டால் பொங்கிக் கரையும். மளிகைக் கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று கேட்டால் தருவார்கள். சிட்ரிக் அமிலம்தான் அது. ஒரு லிட்டர் வெந்நீரில் ஐம்பது கிராம் கரைத்து, கறை மேல் துணியை நனைத்துப் போர்த்தி அரை மணி நேரம் விடுங்கள். கழிப்பறைக் கோப்பையின் மஞ்சள் கறைக்கு ராத்திரி ஊற்றிவிட்டுக் காலையில் தேயுங்கள். ஆசிட் ஐந்து நிமிடத்தில் செய்வதை இது ஒரு ராத்திரியில் செய்யும். வித்தியாசம் பொறுமையில்தான்.

ஸ்ரீரங்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே கணக்கு. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பித்தளை மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. கூடப் போடும் உப்பு அதை விரைவாக்குகிறது. தேய்த்ததும் நன்றாக அலசி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே பச்சை பூக்கும். உள்ளே கறுத்துப்போன அலுமினிய குக்கரில், ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கையையும் பிழிந்த எலுமிச்சைத் தோலையும் போட்டுக் கொதிக்கவிட்டால் வெளுத்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு வேறு ரகம். அடுப்பு மேடை, எக்ஸாஸ்ட் ஃபேன், அடிப்பிடித்த இரும்புச் சட்டி இதற்கெல்லாம் சலவை சோடா. வெந்நீரில் கரைத்தால் எண்ணெயின் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். முன்பு சாம்பல் செய்ததும் இதைத்தான். விறகுச் சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட், சலவை சோடாவின் பங்காளி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலிலும் எண்ணெய் உண்டு. அலுமினியத்தின் பக்கம் மட்டும் சோடாவைக் கொண்டுபோகாதீர்கள், அரித்துக் கறுக்கவைக்கும். லேசான பிசுக்குக்கு ஆப்ப சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போதும்.

இங்கே ஒரு கண்கட்டு வித்தையைச் சொல்லியாக வேண்டும். ஆப்ப சோடாவின் மேல் வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். செல்போன் வீடியோக்களில் இதுதான் நட்சத்திரம். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். தனித்தனியே வேலை தெரிந்த இரண்டு பேரைச் சண்டைக்கு விட்டு வேடிக்கை பார்ப்பதுதான் மிச்சம்.

இயற்கை என்றால் சாது என்று அர்த்தமில்லை

காந்தி மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் பூந்திக்கொட்டை கிடைக்கும். விதையை எடுத்துவிட்டுத் தோலை ராத்திரி ஊறவைத்துப் பிசைந்தால் நுரைக்கும். அதிலிருக்கும் சபோனின் அழுக்கைப் பிடித்து இழுக்கும். பட்டுப்புடவைக்கு இதைவிட நல்லது இல்லை. பட்டு ஒரு புரத நூல். காரமான சோப்பு அதன் பளபளப்பைத் தின்றுவிடும், பூந்திக்கொட்டை தின்னாது. தங்க நகை, வெள்ளிக் கொலுசு எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் இதே சபோனினைக் கொண்டு ஓடையில் மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் மலைவாழ் மக்களிடம் உண்டு. மண்ணில் சீக்கிரம் மட்கிவிடும், மீனுக்கு ஆகாது. அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், வாய்க்காலுக்கு வேண்டாம்.

பழத்தோல், வெல்லம், தண்ணீர் மூன்றையும் 3:1:10 என்ற எடைக் கணக்கில் போட்டு மூன்று மாதம் புளிக்கவைக்கும் 'பயோ என்சைம்' இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். தரை துடைக்க நல்லது. சர்வரோக நிவாரணி இல்லை; அதன் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது புளிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர்.

அதனால்தான் இன்னொரு எச்சரிக்கை. சமையல் மேடையில் இருப்பது கடப்பா கல் என்றால், அது சுண்ணாம்புப் பாறை. பளிங்கும் அப்படியே. மொசைக் தரையில் பதித்திருப்பதும் பளிங்குச் சில்லுகள்தான். வினிகர், எலுமிச்சை, பயோ என்சைம் எது பட்டாலும் மேல்பூச்சு போய்ச் சொரசொரப்பாகிவிடும். இவற்றுக்குத் தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும்தான்.

துணி அலமாரியில் பாச்சை உருண்டை போடுபவர்கள் உண்டு. அதிலிருக்கும் நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த கைக்குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தத் துணியைக் குழந்தைக்குப் போர்த்தினாலே போதும், மஞ்சள் காமாலை வரலாம். கைக்குழந்தை வரப்போகும் வீட்டில் உருண்டையை எடுத்து எறிந்துவிட்டு, துணியைத் துவைத்து வெயிலில் போடுங்கள். திருச்சியில் தட்டுப்பாடே இல்லாத கிருமிநாசினி வெயில்தான். தலையணை, பாய், தரை துடைக்கும் மாப் எல்லாவற்றையும் மொட்டைமாடிக்கு அனுப்புங்கள். ஈரமாகவே மூலையில் கிடக்கும் மாப் கிருமியைத் துடைப்பதில்லை, வீடு முழுக்கப் பூசுகிறது.

பிளீச்சிங் எப்போது?

வேண்டவே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. வீட்டில் ஒருவருக்கு வாந்திபேதி, அல்லது வெள்ளம் புகுந்து வடிந்திருக்கிறது. அப்போது புளியும் எலுமிச்சையும் காப்பாற்றாது. கொரோனா காலத்தில் மத்திய சுகாதாரத் துறை பரிந்துரைத்தது ஒரு சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் கரைசல். அது மருந்து மாதிரி: தேவைப்படும் நாளில், அளந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, வேறு எதனோடும் கலக்காமல். காய்ச்சல் இல்லாத நாளில் காய்ச்சல் மாத்திரை போடுவோமா?

அடுத்த முறை சந்துக்குள் வண்டி வரும்போது பாட்டிலைக் கையில் எடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இது உப்பா, எண்ணெயா, தூசா? இதைவிடச் சாதுவான ஒன்று ஒரு ராத்திரி ஊறினால் போதாதா? இது இறங்கும் இடம் செப்டிக் டேங்கா, பஞ்சப்பூரா, வாய்க்காலா? மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகும் ஆசிட்தான் வேண்டும் என்று தோன்றும் நாட்கள் மிகச் சிலவே.

*(அடுத்த வாரம்: வாஷிங் மெஷின் நுரை எங்கே போகிறது? 1969-இல் அகமதாபாத்தில் பிறந்த மஞ்சள் சோப்புத் தூளிலிருந்து மணலித் தொழிற்சாலை வரை…)*