கடையநல்லூர் மேசையில் சிங்கப்பூர்ச் செய்தி

கடையநல்லூரில் ஒரே வீட்டுக்கு எத்தனை ஊர்ச் செய்தி வேண்டியிருக்கிறது! அண்ணன் சிங்கப்பூரில், மாமா துபாயில், மகள் சென்னையில். போதாததற்குத் தென்காசி கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு, பொதிகை எக்ஸ்பிரஸ் நேரம், கருப்பாநதி அணையின் நீர்மட்டம். தறி ஓடிய இந்த ஊர் கடல் தாண்டியது நேற்று இன்றல்ல. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய ஆண்டே 1941. அன்று ஒரு கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று செய்தி கொட்டுகிறது, சலித்தெடுக்கத்தான் ஆளில்லை.

வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே ஒரு செய்தி வரும். பதறிப்போய் விசாரித்தால் போன வருஷத்துச் சமாச்சாரமாக இருக்கும். ஃபேஸ்புக்கைத் திறந்தால் நாம் பின்தொடரும் பத்திரிகை எங்கோ அடியில் கிடக்க, யாரோ பரோட்டா வீசும் வீடியோ மேலே வந்து நிற்கும். சரி, நேராகத் தளங்களுக்கே போவோம் என்றால், பதினைந்து தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, விளம்பரங்களை மூடி, புதிதாக ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வதற்குள் காப்பி ஆறிவிடும்.

இந்தத் தொல்லைக்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டுபிடித்தாயிற்று. கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும் நியூஸ் ரீடர்தான் அது. பிடித்த தளங்களின் பட்டியலை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், எந்தத் தளத்தில் எது புதிதாக வந்தாலும் அதுவே எடுத்து வந்து வைத்துவிடும். வாசலில் பேப்பர் போட்டுவிட்டுப் போகிறவரைப் போல, கேட்டதை மட்டும் போடும்.

திரை பெரும்பாலும் மூன்று பத்தியாக இருக்கும். இடது ஓரம் தளங்களின் பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் படிக்காதவை எத்தனை என்று ஓர் எண். நடுவில் தலைப்புகள். வலப்பக்கம் கட்டுரை. 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்', பிபிசி தமிழ், 'தி இந்து' மூன்றையும் சேர்த்த ஒருவர் காலை 6 மணிக்குத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் அப்போது 8.30; அங்கத்திய காலைச் செய்தி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். எல்லாத் தளத்தின் நேரத்தையும் ரீடர் நம் நேரத்துக்கு மாற்றிக் கடைசியாக வந்ததை மேலே வைக்கிறது. எதைக் காட்டினால் இவர் இன்னும் பத்து நிமிஷம் இருப்பார் என்ற கணக்கெல்லாம் அதற்கு இல்லை. படித்ததும் எண் குறையும். பூஜ்யம் வந்தால் வேலை முடிந்தது, எழுந்து போகலாம். முடிவே இல்லாமல் விரலால் தள்ளிக்கொண்டே போகும் பழக்கத்துக்கு இந்தப் பூஜ்யம் நல்ல எதிரி.

உள்ளே நடப்பது எளிமையான வேலை. பெரும்பாலான செய்தித் தளங்கள், நாம் பார்க்கும் பக்கங்களோடு, இயந்திரங்கள் படிப்பதற்கென்று ஒரு கோப்பையும் வைத்திருக்கின்றன. அதைத்தான் செய்தியோடை என்கிறோம். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் மிரள ஒன்றுமில்லை: டைட்டில், லிங்க், டிஸ்கிரிப்ஷன், பப்டேட் என்று ஒவ்வொரு செய்திக்கும் நான்கைந்து வரிகள், அதாவது தலைப்பு, முகவரி, சுருக்கம், வெளியான நேரம். ரீடர் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை அந்தக் கோப்பைப் போய்ப் பார்க்கும். மாற்றமில்லை என்றால் அங்கிருந்து 304 என்ற எண் மட்டும் பதிலாக வரும். கோப்பு வராது, டேட்டாவும் அதிகம் செலவாகாது. மாற்றம் இருந்தால் புதியதை மட்டும் பிரித்தெடுத்துப் பட்டியலில் சேர்த்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் முதல் வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்திலிருந்து வந்தது. அதைச் செய்த இருவரில் ஒருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐஐடியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். இன்னொருவர் டான் லிபி. அந்த ஏற்பாட்டின் பெயர் ஆர்எஸ்எஸ். நம் நாட்டில் இந்த மூன்று எழுத்தைச் சொன்னால் வேறொன்று நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நெட்ஸ்கேப் சீக்கிரமே கைகழுவிவிட, டேவ் வைனர் என்ற அமெரிக்கர் விடாமல் பிடித்துக்கொண்டு 2002-இல் 2.0 பதிப்பைக் கொண்டுவந்தார். இன்றும் பெருவழக்கில் இருப்பது அதுதான். பாட்காஸ்ட் கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி: புது எபிசோட் உங்கள் போனுக்கு வந்து சேர்வதும் இதே ஓடை வழியாகத்தான்.

தமிழர்கள் இதில் பின்தங்கியிருக்கவில்லை என்பதற்குச் சாட்சி தமிழ்மணம். காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய திரட்டி அது. தமிழில் எழுதிய வலைப்பதிவர்களின் ஓடைகளை எல்லாம் ஓரிடத்தில் கொட்டி, தலைப்பும் பெயரும் முதல் சில வரிகளும் காட்டியது. டொராண்டோவில் ஒருவர் எழுதினால் சற்று நேரத்தில் திருநெல்வேலியில் ஒருவர் படித்துவிடுவார். வாரம் ஒரு பதிவரை நட்சத்திரமாக அறிவிக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. அந்தக் காலத்துத் தமிழ்ப் பதிவர்களில் பலருக்கு வாசகர் கிடைத்ததே தமிழ்மணத்தால்தான். தேன்கூடு, திரட்டி போன்றவை அதன் வழியில் வந்தவை.

அப்போது தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்கள் ஏன் இதில் சேரவில்லை என்பது சுவாரசியமான கதை. பல பத்திரிகைகள் தமக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்தன. அந்த எழுத்துருவை இறக்கினால்தான் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கொசகொசவென்று நிற்கும். ஓடை வழியாக அந்த எழுத்தை அனுப்பினால் ரீடரில் வருவதும் அதே கொசகொசதான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் எழுதத் தொடங்கிய தனியாட்களான பதிவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பெரிய அலுவலகம், பெரிய அச்சகம் வைத்திருந்தவர்களைவிட, வீட்டில் ஒற்றைக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். தமிழக அரசே 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் யூனிகோடை முறைப்படி ஏற்றது. இன்று எல்லாப் பத்திரிகைத் தளமும் யூனிகோடில் இருப்பதால் எந்த ரீடரிலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது.

பிறகு ஏன் இது மறந்துபோயிற்று? பாதிக் காரணம் சமூக ஊடகங்கள். மீதிக் காரணம் கூகுள். 2005-இல் வந்த கூகுள் ரீடர் இலவசம், பிரவுசரிலேயே ஓடியது, அதனால் உலகமே அதற்குள் குடியேறியது. 2013 மார்ச்சில் மூடப்போகிறோம் என்றார்கள், ஜூலை 1-இல் மூடிவிட்டார்கள். ஒரே கம்பெனியின் நிழலில் ஒதுங்கியவர்களில் பலர் இடம் தேடி அலையாமல் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரிலும் ஓடைகளைப் புக்மார்க்காக வைக்கும் வசதி இருந்தது. 2018 டிசம்பரில் அதுவும் போயிற்று. ஓடைகள் மட்டும் போகவில்லை. தளங்களின் பின்னால் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன, ஆள்தான் எட்டிப் பார்ப்பதில்லை.

சொந்தக் கம்ப்யூட்டரில் நிறுவும் ரீடருக்கு இங்கேதான் மதிப்பு. பட்டியல் நம் வட்டில் இருக்கிறது. எந்தக் கம்பெனி மூடினாலும் அது நம்முடையது. ஒருமுறை இறங்கிய செய்திகளை நெட் இல்லாதபோதும் படிக்கலாம். செலவும் இல்லை: விண்டோஸில் ஃப்ளூயன்ட் ரீடர், ஆர்எஸ்எஸ் கார்ட், மேக்கில் 2002-இல் தொடங்கிக் கைமாறிக் கைமாறி மறுபடி தன்னை உருவாக்கிய பிரென்ட் சிம்மன்ஸிடமே திரும்பிய நெட்நியூஸ்வயர், லினக்ஸில் லைஃபெரியா. மெயிலுக்குத் தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்கள் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், அதற்குள்ளேயே இந்த வசதி உண்டு.

புது மெஷினும் தேவையில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப் எத்தனையோ வீடுகளில் பீரோ மேல் தூங்குகிறது. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. வீடியோ பார்க்கத் திணறும் அந்த மெஷின்கூட எழுத்தைக் காட்டத் திணறாது. லைஃபெரியா போன்ற ஒன்றை ஓட்ட அது தாராளம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இருப்பதாகத் தெரியவில்லை. நடப்பு நிகழ்வுகள் என்ற பெயரில் மாதப் புத்தகம் வாங்குவதற்குப் பதில், மூலத்தையே நேராகப் படிக்கலாம். மத்திய அரசின் செய்திக் குறிப்புகளை வெளியிடும் பிஐபி ஓடை தருகிறது. ரிசர்வ் வங்கி தருகிறது. யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. சேனல் பக்கத்தின் முகவரியை ஒட்டினால் பல ரீடர்கள் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். பாடம் நடத்தும் சேனலை மட்டும் சேர்த்துக்கொண்டால், பக்கத்தில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் சினிமா டிரெய்லர்கள் கண்ணில் படாது.

2023 டிசம்பரில் தென் மாவட்டங்கள் மூழ்கியபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டிய அந்த வாரத்தில், உண்மையோடு போட்டி போட்டுக்கொண்டு வதந்தியும் பரவியது. அதிகாரபூர்வத் தகவல் வேண்டுமானால், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம் எச்சரிக்கைகளை ஓடையாகத் தருகிறது. ஆனால் அரை மணிக்கு ஒருமுறை பார்க்கும் ரீடரை நம்பி வெள்ள நேரத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்குப் போனில் வரும் எச்சரிக்கைதான் சரி. ரீடர் நிதானமாகப் படிக்கிறவனுக்கு.

வேறு குறைகளும் உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இதற்குள் வராது. அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். சில பத்திரிகைகள் ஓடையில் இரண்டு வரி மட்டும் கொடுத்துவிட்டு மீதிக்குத் தளத்துக்கு வரச் சொல்லும். விளம்பரத்தில் பிழைக்கிறவர்கள் அப்படிச் செய்வதில் தப்பில்லை. சில அரசுத் தளங்களில் ஓடையே கிடையாது. தேர்வு வாரியங்களும் மாவட்ட நிர்வாகங்களும் அறிவிப்புகளை ஓடையாகத் தந்தால் லட்சக்கணக்கானவர்கள் தினமும் அந்தப் பக்கங்களைப் போய்த் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பெரிய செலவு பிடிக்கிற வேலையும் அல்ல.

தொடங்குகிறவர்கள் ஐந்து தளத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். தளத்தின் முகவரியை அப்படியே ரீடரில் ஒட்டிப் பாருங்கள். ஓடை அகப்படாவிட்டால், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ஃபீட் என்று சேர்த்தால், வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் தளங்களில் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒரு வாரம் தொடர்ந்து படிக்காமல் எண் ஏறிக்கொண்டே போகும் தளத்தைத் தயங்காமல் நீக்குங்கள். பட்டியல் ஒரு நிலைக்கு வந்ததும் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் ஓபிஎம்எல் என்ற சிறு கோப்பு கிடைக்கும். அதில் ஒரு நகலைப் பென் டிரைவில் போட்டு வையுங்கள். நாளைக்கு ரீடரை மாற்றினாலும் கம்ப்யூட்டரையே மாற்றினாலும், அந்த ஒரு கோப்பைக் கொடுத்தால் எல்லாத் தளமும் அப்படியே வந்துவிடும்.