கைத்துப்பாக்கியின் நம்பகத்தன்மையை எப்படி அளக்கிறார்கள்?

சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பாடசாலைக்குப் போன தலைமுறை நான். சிப்பாயின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கி தவறி வெடித்துவிடுமோ என்பதுதான் அன்றைய பயம். ஆயுதங்களை ஒப்பிடும் கட்டுரைகளோ, அது தடையின்றிச் சுடுமா என்றே பெரும்பாலும் கேட்கின்றன. நம்பகத்தன்மைக்கு இந்த இரண்டு பக்கங்களும் உண்டு. அமெரிக்க இராணுவத்தின் தெரிவுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

1911 இல் கோல்ட், சாவேஜ் ஆகிய இரண்டு துப்பாக்கிகளிலும் தலா 6,000 ரவைகள் சுடப்பட்டன. சாவேஜில் 37 கோளாறுகள், கோல்ட்டில் ஒன்றுமில்லை. தெரிவான கோல்ட் ஏழு தசாப்தங்களுக்கு மேல் சேவையில் இருந்தது.

1985 தெரிவில் பெரெட்டா, சிக் சோவர் பி226 இரண்டுமே தொழில்நுட்பச் சோதனைகளில் தேறின. மொத்த விலை குறைந்த பெரெட்டா வென்றது. பின்னர் சில பெரெட்டாக்களின் நகரும் மேற்பகுதி சுடும்போதே உடைந்து, சுட்டவர்களைக் காயப்படுத்தியது. உடைந்தாலும் அது பின்னால் பறக்காதபடி வடிவமைப்பை மாற்றினார்கள்.

2017 இல் சிக் சோவர் பி320 இன் இராணுவ வடிவம் தெரிவானது. கீழே போட்டுப் பார்த்த சோதனையில், விசையை யாரும் இழுக்காமலே அதன் ஊசி ரவையைத் தட்டியது. விசைப் பகுதியின் எடையைக் குறைத்துத் திருத்தினார்கள். பொதுமக்களுக்கு விற்ற பி320 க்கும் அதே ஆண்டு ஓகஸ்டில் நிறுவனம் திருத்தம் அறிவித்தது.

ஆகவே ஒப்பீடொன்றை வாசிக்கும்போது மூன்று விடயங்களைத் தேடுங்கள்: எத்தனை ரவைகள் சுடப்பட்டன, எத்தனை முறை தடைப்பட்டது, கீழே போட்டுப் பார்த்தார்களா? முதல் இரண்டும் துப்பாக்கி வைத்திருப்பவரின் உயிர் பற்றியவை. மூன்றாவது, அருகே நிற்கும் எல்லோருடைய உயிரும் பற்றியது.