ப்ராஜெக்ட்டுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?



கடைசி வருடம் வந்துவிட்டால் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "மச்சி, ப்ராஜெக்ட்டுக்கு என்ன டாபிக்?" சீனியர் ரிப்போர்ட்டைத் தேடி ஒரு கூட்டம் ஓடும். ரெடிமேடாகச் செய்து தரும் கடையைத் தேடி இன்னொரு கூட்டம் ஓடும். பணம் கட்டினால் மாடலும் வரும், பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டும் வரும். ஆனால் வைவாவில் வெளித்தேர்வாளர், "இந்த ரெசிஸ்டரை ஏன் தம்பி இங்கே போட்டீங்க?" என்று கேட்டால் கடைக்காரரா வந்து பதில் சொல்வார்? அது பலர் வீட்டில் வட்டிக்கு வாங்கிய பணம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எனவே தலைப்பு எடுக்குமுன் யோசிக்க வேண்டியவை:

1. பக்கத்திலேயே தேடுங்கள்

நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். தலைப்பு சொல்லித் தர அண்ணனோ அக்காவோ இல்லை. ஆனால் வீட்டில் தொழில் இருக்கிறது. வயல், தறி, செங்கல் சூளை, லேத் பட்டறை, கொத்து வேலை... "இதிலே உங்களுக்கு எது ரொம்பத் தொல்லை?" என்று அப்பா அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

2. தலைப்பைச் சுருக்குங்கள்

"மின்சார சிக்கனம்" என்றால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? "விடுதி மோட்டார் 1000 லிட்டர் தண்ணீர் ஏற்ற எத்தனை யூனிட் எடுக்கிறது?" என்று வைத்தால் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.

3. அளக்க முடியுமா என்று பாருங்கள்

இதே மோட்டாரை எடுத்துக்கொள்வோம். மேலே குழாய் வாயில் 200 லிட்டர் ட்ரம்மை வையுங்கள். 50 வினாடியில் நிறைந்தால், வினாடிக்கு 4 லிட்டர். ஒரு லிட்டரை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் ஏற்ற 9.81 வாட் வேண்டும். கிணற்று நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை 15 மீட்டர் என்றால், 4 × 9.81 × 15 = சுமார் 589 வாட்.

மற்ற சுவிட்சுகளை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். யூனிட்டுக்கு 3200 பல்ஸ் என்று அதில் எழுதியிருந்து, அந்த 50 வினாடியில் விளக்கு 62 தடவை மினுக்கினால், மோட்டார் இழுப்பது சுமார் 1400 வாட். அதாவது 1000 லிட்டருக்கு ஏறக்குறைய 0.1 யூனிட். திறன் 42 சதவீதம்தான்!

பாக்கி எங்கே போச்சு? மோட்டார் சூட்டிலா, பம்பின் தேய்மானத்திலா, குழாய் உராய்விலா? இதைத் தேடுவதுதான் ப்ராஜெக்ட். அதே அளவு தண்ணீருக்கு 2 அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக மாற்றினால் உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். இதையும் கணக்குப் போட்டுக் காட்டலாம்.

4. நாள், காசு, கருவி

ஒரு செமஸ்டரில் முடியுமா? ஆள் தலைக்கு எவ்வளவு செலவு? தேவையான கருவி நம் லேபில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டு, கையில் இரண்டு தலைப்போடு கைடு சாரைப் பாருங்கள். "ஏதாவது தலைப்பு கொடுங்க சார்" என்று போய் நிற்காதீர்கள்.

முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் பயம் வேண்டாம். ஏன் வரவில்லை என்று எழுதினால் அதுவும் ப்ராஜெக்ட்தான். "இது நாங்களே அளந்தது சார்" என்று சொல்பவனை எந்தத் தேர்வாளரும் மதிப்பார்.

அடுத்த வருடம் ப்ராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளே, இந்த விடுமுறையிலேயே ஒரு நோட்டைப் போட்டுத் தொடங்குங்கள். வெற்றி பெற வாழ்த்துக்கள்!